பதுளையிலிருந்து திருச்சி: "ஒரு மணி ஏழு நிமிடம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே என் மாமா சவரி இருக்கிறார். அம்மாவின் ஒரே தம்பி. அவருடைய ஒரே மகன் அருளுக்கு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாதா கோயிலில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மீதி இரண்டு முடிச்சையும் அவனுடன் பிறந்தவள் போட வேண்டும். அருளுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. "அவனோட அத்தைதான் போடணும். அக்கா வரலைன்னா அந்த எடத்துல யாரையும் நிறுத்த மாட்டேன்" என்று மாமா போனில் சொல்லிவிட்டார்.

அம்மாவும் மாமாவும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது பதுளை ஸ்டேஷனில். அப்போது அம்மாவுக்குப் பத்தொன்பது வயது, புதிதாகக் கல்யாணமானவர். மாமாவுக்குப் பதினொன்று. தாத்தா குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது, என் அப்பா குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அவர்கள் கோச்சி, அதாவது ரயில், ஏறினார்கள், அம்மா மடுல்சீமைக்குத் திரும்பினார். நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது. இதற்கு மேல் அந்தக் கதையை இங்கே எழுதப் போவதில்லை, இது பயணக் குறிப்பு.

நான் பதுளை நகரத்தில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். அம்மா ஞானம்மா இன்னும் மடுல்சீமைத் தோட்டத்தில், கீழ்ப் பிரிவில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன்பு தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு இப்போது இரண்டு ஆடு வளர்க்கிறார்.

குழப்பம் தொடங்கியது என் கைத்தொலைபேசியில். "பதுளை திருச்சி தூரம்" என்று தேடினேன். முதல் பக்கம் 493 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 1 மணி 7 நிமிடம் என்றது. பதுளையில் விமான நிலையம் எங்கே இருக்கிறது? அது அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. இரண்டாவது பக்கம் பக்கத்து விமான நிலையம் மத்தளை என்று காட்டியது, அங்கிருந்து திருச்சிக்கு ஒன்றுமே இல்லை. மூன்றாவது, சென்னையில் இறங்கி மாறச் சொல்லி நாலரை மணி நேரம் போட்டிருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மடுல்சீமையிலிருந்து போன் பண்ணினார்.

"எம்புட்டு நேரம் ஆகுமாம்?"

"ஒரு மணி ஏழு நிமிஷம்னு போட்டிருக்கும்மா."

திரையில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டேன். அதற்குப் பிறகு கட்டுநாயக்க விமான நிலையம், பஸ், தங்கும் விடுதி, திரும்பி வரும் தேதி என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். அவர் காதில் ஏறியது அந்த ஒரு மணி ஏழு நிமிடம் மட்டுந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நீங்களும் இப்படிப் போக நினைத்தால், நான் போட்ட கணக்கைப் பாருங்கள். பார்த்துவிட்டு அப்படிப் போடாமல் இருங்கள். மடுல்சீமையிலிருந்து பதுளை சுமார் 38 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பதுளையிலிருந்து பண்டாரவளை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கு ஏழு மணி நேரம். அங்கிருந்து 187 இலக்க பஸ்ஸில் கட்டுநாயக்கவுக்கு ஒன்றேகால் மணி நேரம். விமானம் புதன்கிழமை காலை 9.20. ஆகவே செவ்வாய் விடிகாலை புறப்பட்டால் மாலை ஐந்து மணிக்குள் கட்டுநாயக்கவில் இருக்கலாம் என்று எழுதி வைத்தேன். டிக்கெட் போக வர ஒருவருக்கு 58,400 ரூபாய். தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட். தை மாதத்தில் எங்கள் ஊவா மாகாணத்தில் மழை பெய்யும் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு எப்படி மறந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

செவ்வாய் காலை 5.45க்கு மடுல்சீமையில் பஸ் ஏறினோம். ஒருவருக்கு 220 ரூபாய். 14 கிலோ சூட்கேஸ் என் கையில். அம்மாவிடம் ஓர் உரப்பை, அதில் மாமாவுக்கு மூன்று கிலோ தேயிலைத் தூள். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. 6.40க்கு ஒரு வளைவில் பஸ் நின்றது. முன்னால் ரோட்டைக் காணவில்லை. செம்மண்ணும் இரண்டு சவுக்கு மரமும் கிடந்தன.

சாரதி ஒரு சிங்களவர், பல வருடம் இந்தப் பாதையில் ஓடுகிறவர், தமிழ் பேசுவார். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பஸ் போறதில்ல. கீழேயும் ஒரு எடம் சரிஞ்சிருக்கு. பசறை பஸ் ஒன்னு அங்கிட்டு நிக்குது. நான் திரும்பிப் போறன்" என்றார்.

கைத்தொலைபேசியை எடுத்து வரைபடத்தைத் திறந்தேன். அது மண்சரிவு எதுவும் தெரியாமல், பதுளைக்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் என்று நீலக் கோடு போட்டுக் காட்டியது. சிக்னலும் போய்விட்டது. என் முகத்தைப் பார்த்து அம்மா கேட்டார்.

"ஏன் இப்படி முழிக்கிற? பிளேன் எத்தன மணிக்கு?"

"நாளைக்குக் காலைல ஒம்போது இருபது."

"நாளைக்கா?"

"ஆமாம்மா. இன்னைக்கு ராத்திரி கட்டுநாயக்கவுல தங்கிட்டு, நாளைக்கு ஏறணும்."

அம்மா விரலில் நாளை எண்ணினார். "சரி. வியாழக்கெழம கல்யாணம் முடிஞ்சு சாயங்காலம் ஏறினா வீட்டுக்கு வந்துரலாம்ல? ஒரு மணி நேரந்தானே."

"இல்லம்மா. திரும்பி வர்றது அடுத்த செவ்வாக்கெழம. அன்னைக்குப் போன்ல சொன்னேனே."

உரப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அடுத்த செவ்வாயா? ஆட்டுக்கு ரெண்டு நாளைக்குத்தான் புல்லு போட்டுட்டு வந்திருக்கேன். பாத்துக்கச் சொன்ன பக்கத்து லயத்து செல்விகிட்ட வியாழக்கெழம வந்துருவேன்னு சொல்லியிருக்கேன். நா வரல. நீ போய்ட்டு வா."

இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். விசா வந்தாகிவிட்டது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது, நாற்பத்தெட்டு வருடம் பார்க்காத தம்பி காத்திருக்கிறார். அம்மா மடுல்சீமைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் மீது கோபமா, பயமா, உண்மையிலேயே ஆட்டுக் கவலையா, எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் கேட்டார். "இம்புட்டு நாளு தூரமா இருந்தா, நடுவுல எனக்கு ஏதாச்சும் ஆனா என்ன பண்ணுவ?" அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. ஒரு மணி நேரம் என்றால் அவருக்குத் துணிச்சல் வந்தது. ஒரு வாரம் என்றதும் போய்விட்டது.

அதற்குச் சாரதிதான் பதில் சொன்னார். ஜன்னல் பக்கம் வந்து, "அம்மே, செல்விங்கறது கீழ்ப் பிரிவு, கோயிலுக்கு இந்தப் பக்கம் வூடு, அதுதானே? நான் போய் சொல்றன். ரெண்டு ஆடு, அடுத்த செவ்வா வரைக்கும் புல்லு. வேற என்ன சொல்லணும்?"

அம்மா அவரைப் பார்த்தார். "கறுப்பு ஆடு சினையா இருக்கு. அதுக்கு ஈரப் புல்லு போட வேணாம்னு சொல்லுங்க."

"கறுப்பு ஆடு, ஈரப் புல்லு வேணாம். சரி. எறங்குங்க, அங்கிட்டு பஸ் போயிரும்."

அம்மா இறங்கினார். அந்த மனிதருக்கு நான் ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

கீழே நிற்கிற பசறை பஸ்ஸுக்கு ரோட்டால் போனால் நாலு கிலோமீட்டர், அதிலும் இரண்டு இடத்தில் மண் ஏறிக் கடக்க வேண்டும். எங்களோடு பஸ்ஸில் வந்த ஒருவர், பசறையில் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியர், "தேயிலைக்குள்ளால நேரா எறங்கினா எழுநூறு மீட்டர்கூட வராது. ஆனா வழுக்கும், அம்மாவால ஏலுமா?" என்று கேட்டார். அம்மா அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கத் தொடங்கியிருந்தார். நாற்பது வருடம் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால். நான் இரண்டு முறை விழுந்தேன். சூட்கேஸை அந்த ஆசிரியர்தான் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அடிக்கு அடி அம்மாவின் சத்தம் மட்டும் கேட்டது: "செடிய நம்பிப் புடி, கல்ல நம்பாத." இருபத்தைந்து நிமிடத்தில் கீழ் ரோட்டுக்கு வந்துவிட்டோம். என் பாவாடையெல்லாம் செம்மண். பசறை பஸ் அரை மணி நேரம் நின்று ஆட்கள் சேர்ந்த பிறகு புறப்பட்டது.

பசறையில் வேறு பஸ் மாறிப் பதுளைக்கு வந்து சேர்ந்தபோது மணி 10.50. என் அறையில் குளித்து உடுப்பு மாற்றி, 12 மணி ஏ.சி. பஸ்ஸைப் பிடித்தோம். ஒருவருக்கு 1,850 ரூபாய். ஹல்துமுல்லைக்குக் கீழே இறங்கும்போது அம்மாவுக்குக் குமட்டியது, எலுமிச்சைப் பழம் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். பலாங்கொடையில் இருபது நிமிடம் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். கொழும்பில் இறங்கியபோது 7.15, கட்டுநாயக்கவில் விடுதிக்குப் போனபோது ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பு. இரண்டு பேருக்கு ஓர் அறை 6,500. வீட்டு வாசலிலிருந்து பதினைந்து மணி நேரம். அம்மா அறைக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்: "இதுவே இந்தியா வந்த மாதிரி இருக்கு. இன்னும் எவ்வளவு இருக்கு?"

இந்த முறை யோசித்துத்தான் பதில் சொன்னேன். "நாளைக்கு ஒரு மணி நேரம்."

அவர் நம்பவில்லை. எனக்கும் சொல்லும்போது சந்தேகமாகத்தான் இருந்தது.

புதன் காலை ஆறரைக்கு விமான நிலையத்தில் இருந்தோம். கவுண்டரில் ஒரு சிக்கல் வந்திருக்கும், வரவில்லை. அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் "நானம்மா", அடையாள அட்டையில் "ஞானம்மா". கடவுச்சீட்டு எடுக்கும்போதே சத்தியக் கடதாசி, அதாவது பிரமாணப் பத்திரம், கொடுத்து, மூன்று முறை அலைந்து சரி செய்திருந்தோம். தோட்டத்தில் பிறந்த பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பு இதைக் கவனியுங்கள். டிக்கெட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தோடு பொருந்த வேண்டும்.

விமானம் 9.31க்குப் புறப்பட்டது. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி நேர்கோட்டில் 420 கிலோமீட்டருக்குள்தான். அம்மா ஜன்னல் ஓரம். கண்ணை இறுக்க மூடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஜெபமாலையில் மூன்றாம் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் பணிப்பெண் ஒரு சின்ன ரொட்டியும் ஜூஸும் கொடுத்துவிட்டுப் போனாள், அதைத் தின்று முடிப்பதற்குள் தட்டை வாங்க வந்துவிட்டாள். கீழே கடல் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு மேகம், பிறகு காய்ந்த வயல்கள். 10.22க்குத் தரை தொட்டது. நான் பார்த்த கணக்கில் ஐம்பத்தோரு நிமிடம்.

எல்லோரும் எழுந்து பைகளை எடுத்தார்கள். அம்மா எழவில்லை.

"எந்திரிங்கம்மா."

"எறங்குறவங்க எறங்கட்டும். நம்ம ஊரு வரட்டும்."

"இதுதாம்மா திருச்சி."

"சும்மா சொல்லாத புள்ள. இப்பதானே ஏறினோம். இது நடுவுல நிக்கிற எடம்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே, "திருச்சிதாங்கம்மா, எறங்குங்க" என்றார். அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெல்ட்டை நான்தான் கழற்றிவிட்டேன்.

குடிவரவு வரிசையில் அரை மணி நேரம் நின்றோம். அம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி, "இங்க மணி வேறயா?" என்று கேட்டார். இல்லை, இரண்டு நாட்டிலும் ஒரே மணிதான் என்றேன். அதுவும் அவருக்கு அதிர்ச்சி. இத்தனை வருடமாக அங்கே இராத்திரியாக இருக்கும் என்று நினைத்து எத்தனையோ முறை தம்பிக்குப் போன் பண்ணாமல் இருந்திருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்டெல்லா, இம்புட்டுத்தான் தூரம்னா, அவன் ஏன் ஒரு தடவகூட வரல?"

கையில் இருந்த கடவுச்சீட்டுகளைத் திறந்து திறந்து மூடினேன்.

"நா தூரம்னு நெனச்சேன். கோச்சியில ஏத்திவிட்டேன், கப்பல்ல போனாங்க, காயிதம் வர நாலு மாசம் ஆச்சு. அம்மா செத்ததுக்கே காயிதந்தான் வந்துச்சு. தூரம், அதான் வர முடியலன்னு மனச தேத்திக்கிட்டேன்."

வெளியே மாமா நின்றார். வீடியோவில் பார்த்த முகம் என்பதால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவரோ எங்களுக்கு முன்னால் போன வேறொரு வயதான அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டு, பிறகு விழித்தார். "மாமா, இங்க" என்று கூப்பிட்டேன். ஓடி வந்தார். "அக்கா" என்றார். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நினைத்து நான் கைத்தொலைபேசியை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஒரு மணி நேரந்தானேடா சவரி. ஏன்டா வரல?"

மாமா அந்தக் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் மனிதர், கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டு, தலைக்குச் சாயம் அடித்திருந்தார். அவர் குரல் சின்னதாக வந்தது.

"பாஸ்போட்டு இல்லக்கா. எழுதிக் கேக்கப் பயமா இருந்துச்சு. பொறந்த எடம் பதுளைன்னு எழுதினா, நீ இங்க உள்ளவன் இல்லன்னு சொல்லி எதாச்சும் பண்ணிருவாங்களோன்னு."

"யாரு அப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன்." பிறகு அவரே, "நீ ஏன் வரல?" என்று கேட்டார்.

டாக்சிக்காரர்கள் சுற்றிலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உரப்பையை அம்மா மாமாவிடம் நீட்டினார். "தூளு. நனைஞ்சிருச்சான்னு பாரு" என்றார். அப்போதுதான் மாமா அழுதார்.

நான் படம் எடுக்க மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அருள் முதல் முடிச்சைப் போட்டு விலகியதும் அம்மா முன்னால் போனார். இரண்டு முடிச்சையும் கொழுந்து மூட்டை கட்டுகிற மாதிரி இழுத்து இறுக்கினார், பெண் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள், பங்குச் சாமியார் காத்திருந்தார். திங்கட்கிழமை மாமா கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போனார். அம்மாவும் கூடவே போய், அவர் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பதுளை என்று எழுதியிருந்ததை அதிகாரி வாசித்தார், இந்தியக் குடியுரிமைக் கடதாசியின் பிரதியை வாங்கினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். வெளியே வந்த மாமா, வேறு யாராவது திரும்பி வரச் சொல்லுவார்களோ என்று வாசலிலேயே கால் மணி நேரம் நின்றார்.

போகிறவர்களுக்கு என் யோசனைகள். பதுளையிலிருந்து திருச்சிக்கு விமானம் கிடையாது, இணையம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். தோட்டத்திலிருந்து புறப்பட்டால் கட்டுநாயக்கவுக்கு ஒரு முழு நாள் வையுங்கள், மழைக்காலமானால் இரண்டு நாள். மண்சரிவில் மாறி ஏற வேண்டியிருக்கும், ஆகவே தள்ளுகிற சூட்கேஸை விடத் தோளில் மாட்டும் பை நல்லது. கூட வரும் பெரியவர்களிடம் போகும் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். திரும்பி வரும் நாளை முதலில் சொல்லுங்கள், அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை விடாதீர்கள். மற்றபடி எவ்வளவு தூரம் என்று என்னைக் கேட்டால், நான் இன்னும் குழம்பித்தான் போயிருக்கிறேன். 493, 420, பதினைந்து மணி நேரம், ஐம்பத்தோரு நிமிடம், எல்லாமே சரிதான். எதைச் சொன்னாலும் பொய் சொல்வது போல இருக்கிறது.

மாமாவின் கடவுச்சீட்டு போன வாரம் வந்தது. டிக்கெட் எடுத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். நான் மடுல்சீமைக்குப் போன் எடுத்து, மாமா வருகிறார், அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்று அம்மாவிடம் சொன்னேன். தேதியை அவர் காதில் வாங்கவே இல்லை.

"அதெல்லாம் சரி. பதுளையிலருந்து எந்த பஸ்ல வாறான்னு கேளு" என்றார். "நா ரோட்டுல வந்து நிக்கணும்ல."